உடுவிலிற் குடியான ஆசிரியைமார்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கல்வி வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் வட்டுக்கோட்டைச் செமினரியையும் அதன் மாணாக்கராய் விளங்கிய பேரறிஞர்களையும் விரித்துரைத்துவிட்டு, உடுவிற் பெண்கள் விடுதிப் பாடசாலையை ஒரு பத்தியில் முடித்துவிடும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. இது நியாயமன்று என்பது என் அபிப்பிராயம். செமினரி 1823இல் தோன்றி 1855இல் மூடப்பட்டது. உடுவிற் பாடசாலையோ 1824இல் தொடங்கி இன்றளவும் நடைபெற்று வருகிறது. அன்றியும், கடல் கடந்து வந்த அந்நியர் ஒருவர் தாம் வந்து சேர்ந்த நாட்டில் எங்ஙனம் குடியானார் என்று அறிய விரும்புவோர், பிரசங்க பீடத்தையும் அச்சியந்திரசாலையையும் காட்டிலும், அந்தப் பாடசாலையின் சமையற்கட்டிலும் படுக்கைக் கூடத்திலுமே அதற்கான விடையைத் தெளிவாகக் காணலாம்.

அந்தப் பாடசாலையை நடத்திய அமெரிக்கர் யாழ்ப்பாணத்துக்கு வந்த காரணமே ஒரு தடையிற் பிறந்தது. 1810இல் அமெரிக்காவில் ஸ்தாபிக்கப்பட்ட அந்நிய நாட்டு மிஷன் சங்கத்தார் 1812இல் முதன்முதலாகக் கல்கத்தாவுக்கு அனுப்பிய கூட்டத்தாரைக் கிழக்கிந்தியக் கொம்பனியார் தங்க விடவில்லை. அவர்களுள் ஒருவரான சாமுவேல் நியூவெல் போதகர், தம் இளம் மனைவி ஹரியற் அம்மையாரோடு மொரீசியசுத் தீவுக்குச் செல்ல நேர்ந்தது. அங்கே அவ்வம்மையார் தம்முடைய 19ஆம் வயதில் காலமானார். தனியராய் நின்ற கணவர் இலங்கைக்கு வந்தார். இலங்கை அக்காலம் கொம்பனியாரின் கைக்குள் அடங்காது, நேரே இங்கிலாந்து அரசரின் ஆட்சிக்குட்பட்டிருந்தமையால், அமெரிக்கர் வேலை செய்வதற்கு இதுவே ஏற்ற இடம் என அவர் தம் சங்கத்தாருக்கு எழுதினார். அதன் பயனாக 1815ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நியூபரிப்போர்ட் துறையிலிருந்து புறப்பட்ட கப்பலொன்று, ஐந்து மாதப் பிரயாணத்தின் பின் 1816 மார்ச்சில், தானியேல் பூர் முதலிய போதகர்களையும் அவர்தம் மனைவியரையும் கொழும்பிற் கொண்டுவந்து இறக்கிற்று.

யாழ்ப்பாணப் பட்டினத்தில் வெஸ்லியன் சபையார் முன்னரே வேலை தொடங்கியிருந்தனர். ஆதலால் அமெரிக்கருக்குக் கிராமங்களே வாய்த்தன. தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் போர்த்துக்கேயர் எழுப்பி ஒல்லாந்தர் கையாண்ட பழைய கோவில்களும் போதகர் மனைகளும் கூரையிழந்து கிடந்தன. அவற்றைச் செப்பனிட்டு அங்கேயே குடிபுகுந்தார்கள். ஐரோப்பியர் நெருங்கி வாழும் தெருவொன்று அக்கிராமங்களில் இல்லை. பனங்கூடலும் கிடுகு வேலியும் துலாக் கிணறும் சூழ்ந்த வளவுகளுக்கு நடுவே, அயலார் அனைவரும் தமிழராகவே இருக்க வாழ வேண்டிய அவர்களுக்கு, தமிழ் கற்பது தொழிலுக்கு முன்னே சீவனத்துக்கே அவசியமாயிற்று. இந்த அமைவு தற்செயலாக நேர்ந்ததாயினும், பின்னால் விளைந்த நன்மைகளுள் பெரும்பகுதிக்கு இதுவே மூலமென்று நான் கருதுகிறேன்.

நாடு அவர்களை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. எட்வேட் வாறன் போதகர் சுகவீனமுற்று 1818இல் நன்னம்பிக்கை முனையிற் காலமானார். பூர் போதகரின் மனைவியார் 1821இலும், ஜேம்ஸ் றிச்சாட்ஸ் போதகர் 1822இலும் மறைந்தனர். 1819, 1820ஆம் ஆண்டுகளில் வின்சிலோ, ஸ்போல்டிங், ஊட்வேட், ஸ்கடர் ஆகியோர் வந்து சேர்ந்தபின், இனி அமெரிக்கர் எவரும் வரலாகாது எனத் துரைத்தனத்தார் தடை விதித்தார்கள். அத்தடை 1833 வரை நீடித்தது. மாண்டவர் இடத்தை நிரப்ப மாற்றாள் வாராத அந்தப் பதின்மூன்றாண்டுக் காலத்தில், ஊர்ப்பிள்ளைகளையே ஆசிரியராகவும் உதவியாளராகவும் பயிற்றுவதன்றி வேறு வழி இருக்கவில்லை. விடுதிப் பாடசாலைகள் மிகுந்த கவனம் பெற்றதற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம்.

ஆண்பிள்ளைகளைச் சேர்ப்பது ஓரளவு சாத்தியமாயிற்று. திண்ணைப் பள்ளியில் ஏடும் எழுத்தாணியும் கொண்டு பயின்ற மரபு ஏற்கனவே இருந்ததோடு, ஆங்கிலம் கற்றால் உத்தியோகம் கிட்டும் என்ற நம்பிக்கையும் தந்தையர் நெஞ்சில் இருந்தது. பெண்பிள்ளைக்கு எழுத்தறிவித்தலோ அக்காலத்துக் குடும்பங்களின் ஆசாரத்துக்குப் புறம்பானது. உடுவிலில் வாழ்ந்த ஹரியற் வின்சிலோ அம்மையாரின் வளவில் விளையாட வந்த இரு சிறுமியர், ஒருநாள் கடுமழையால் வீடு திரும்ப இயலாது தங்க நேர்ந்தபோது, பசி தாளாது இளையவள் அம்மையார் கொடுத்ததை உண்டாள் என்றும், மூத்தவள் மறுத்துவிட்டாள் என்றும், அறிந்து கோபித்து வந்த தகப்பனார், பிள்ளை எழுதக் கற்றிருப்பதைக் கண்டு மனம் மாறி, தொடர்ந்து படிக்கச் சம்மதித்தார் என்றும் மிஷன் நூல்கள் கூறுகின்றன. அச்சிறுமியின் ஒரு பிடி உணவு அக்காலத்தில் எவ்வளவு பெரிய துணிவு என்பதை, பந்தியும் பாத்திரமும் குலத்தால் வரையறுக்கப்பட்டிருந்த அந்தச் சமூகத்தை அறிந்தவரே உணர்வர். அந்நியர் மனையில் போஜனம் செய்வதால் குலம் கெடும் என்ற அச்சத்தை நீக்கவேண்டி, விடுதிகளில் உயர்குலத்தவரைக் கொண்டே சமைப்பிக்க நேர்ந்தது. சமத்துவம் போதிக்க வந்தவர்கள் சாதியின் அடுப்பில் ஆக்கிய சோற்றைக் கொண்டு பாடசாலையைத் தொடங்கினார்கள். அந்த இணக்கம் அவர்களுக்குள்ளேயே நெடுங்கால வாதத்துக்கு இடமாயிற்று.

பெற்றோர் மனத்தைத் திருப்ப வேறு இரண்டு ஏற்பாடுகளும் இருந்தன. படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்கு மிஷன் சிறு தொகையொன்றைச் சீதனமாக அளித்தது. அமெரிக்காவில் இருந்து பணம் அனுப்பும் தர்மவான்களின் பெயர்கள் இங்குள்ள பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டன. முந்திய ஏற்பாடு யாழ்ப்பாணத்தின் வழக்கத்தை அறிந்து செய்த காரியம். அதிற் குறை காண எனக்கு மனம் வரவில்லை. பிந்தியதை அவ்வாறு ஏற்றுக்கொள்ள என்னால் இயலாது. பெற்றோர் தம் குலதெய்வத்தின் பேரால் இட்ட நாமத்தை அகற்றி, ஒருபோதும் கண்டிராத நியூ இங்கிலாந்துச் சீமாட்டி ஒருத்தியின் பெயரை ஒரு சிறுமி சுமந்து திரிவதால் வித்தைக்கு யாதொரு விருத்தியும் உண்டாகவில்லை.

வின்சிலோ அம்மையார் 1833இல் உடுவிலிலேயே காலமானார். அவருடைய சகோதரியர் மூவரும் மிஷனறிமாரின் மனைவியராய் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள் என்பது, கனெக்ரிக்கட்டில் இருந்த ஒரு குடும்பம் இந்தக் குடாநாட்டுக்கு எவ்வளவு ஈந்தது என்பதற்குச் சான்று. அப்பால் லீவை ஸ்போல்டிங் போதகரும் அவர் மனைவியாரும் பாடசாலையைப் பேணினர். இவ்வாறு வந்த மணமான பெண்மணிகளின் வாழ்வில் ஒரு நிரந்தரப் பிளவு இருந்தது. பிள்ளைகள் சற்று வளர்ந்ததும் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார்கள். கடிதம் சென்று சேரவே ஐந்தாறு மாதங்கள் ஆகும் காலம் அது. பிறர் குழந்தைகளைத் தம்மோடு வைத்து வளர்த்தபடி, தாம் ஈன்றவற்றைக் கடலுக்கப்பால் விட்டிருந்த அந்தத் தாய்மாரின் துயரம் மிஷன் சரித்திரங்களிற் போதிய இடம் பெறவில்லை.

1840 சனவரியில் வந்த எலைசா அக்னியூ அம்மையாரின் வாழ்வு வேறுவிதமாக அமைந்தது. நியூயோர்க்கில் 1807இற் பிறந்த அவர், எட்டு வயதுச் சிறுமியாய்ப் பூமிசாத்திர வகுப்பில் இருந்தபோது, மொரீசியசுத் தீவில் அடக்கமான நியூவெல் அம்மையாரின் கதையைக் கேட்டு, தாமும் அவ்வழி செல்வதென நிச்சயித்தாராம். ஆயினும் பெற்றோர் உயிரோடிருக்கும்வரை அவர்களை விட்டகல்வது தருமமன்றென்று காத்திருந்து, அவர்கள் மறைந்தபின்னரே புறப்பட்டார். வந்திறங்கியபோது 33 வயதை எட்டிக்கொண்டிருந்தார். பெற்றோரைப் பேணி முடித்த பின் தம் விருப்பத்தை நாடிய இந்தப் பெண்மணியின் ஒழுக்கத்தைப் புரிந்துகொள்ள யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு வியாக்கியானம் எதுவும் தேவைப்பட்டிராது. புரியாதிருந்தது ஒன்றுதான்: இவ்வளவு வயதுவரை ஒரு பெண் மணமின்றி, காவலாக ஆண்துணையின்றி, பரதேசத்தில் வந்து வாழ்வதெங்ஙனம்? அதுவரை யாழ்ப்பாணம் கண்ட அமெரிக்கப் பெண்கள் எல்லாரும் போதகரின் மனைவியராகவே வந்தவர்கள்.

1842இல் பாடசாலையின் தலைமையை ஏற்று 1879வரை, முப்பத்தேழு ஆண்டுகள் அவர் நடத்தினார். அந்தக் காலம் முழுவதிலும் ஒருமுறையேனும் தாயகம் செல்லவில்லை. சோளகக் காற்றில் செம்மண் புழுதி பறக்கும் மாதங்களிலும், வாடைக் காற்றோடு மாரி வெள்ளம் நிற்கும் மாதங்களிலும், பிள்ளைகள் எழும் வேளையும் உண்ணும் வேளையும் உறங்கும் வேளையுமே அவருக்கும் நாட்கணக்காயின. விடுமுறை வந்ததும் ஓய்வெடுக்காமல், படித்து வெளியேறி மணமாகி வாழும் பழைய மாணாக்கியரைக் கிராமம் கிராமமாகச் சென்று கண்டார். ஆசிரியையின் கடமை பாடசாலைப் படலையோடு முடிவதில்லை என்று அவர் கொண்டமையே, அவருடைய வாழ்க்கை முறையின் சாரம் என்பேன். குழந்தை பிறந்த வீட்டுக்கும் இழவு விழுந்த வீட்டுக்கும் செல்லும் உரிமை உடையவரை ஊர் அந்நியர் என்று எண்ணுவதில்லை. தாயாருக்குக் கற்பித்தவர் மகளுக்கும், மகளின் மகளுக்கும் கற்பித்தார். அவருடைய காலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அங்கே பயின்றனர். ‘ஆயிரம் பெண்மக்களின் தாய்’ என்று அவர் அழைக்கப்பட்டது இதனாலேயே.

இடையில் ஒரு சோதனை வந்தது. 1855இல் பொஸ்டனிலிருந்து வந்த மிஷன் பிரதிநிதிகள், ஆங்கிலக் கல்வி சுவிசேஷ ஊழியத்துக்கு உதவாது, உத்தியோகத்துக்கே வழிகாட்டுகிறது எனத் தீர்மானித்தனர். செமினரி மூடப்பட்டது, உடுவிலிலும் ஆங்கிலம் நிறுத்தப்பட்டுத் தமிழே போதனா மொழியாயிற்று. செமினரி விஷயத்தில் அது பெருந்தவறு என்பது என் துணிபு: அங்கே பயின்ற தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் சில ஆண்டுகளுக்குள் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாகத் தேறியதை நினைத்தால், மூடப்பட்டது எத்தகைய வாயில் என்பது விளங்கும். உடுவில் அந்த அடியைத் தாங்கிக்கொண்டது. அங்கே சேர்ந்த பெண்பிள்ளையின் தகப்பனார் உத்தியோகத்தை எதிர்பார்க்கவில்லை. தமிழில் வாசித்து, எழுதி, தைத்து, கணக்குப் பார்த்து வீடாள அறிந்த மகளையே எதிர்பார்த்தார்.

இவ்வளவையும் சொல்லும்போது, மறுபக்கத்தை மறைப்பது சரித்திரத்துக்குத் துரோகமாகும். அக்னியூ அம்மையாரிடம் பயின்றவர்களுள் 600க்கு மேற்பட்டோர் கிறிஸ்தவ விசுவாசத்தை ஏற்றார்கள் என்று மிஷன் மகிழ்ச்சியோடு எழுதிய கணக்கு, சைவக் குடும்பங்கள் பலவற்றில் கண்ணீராகவும் பிரிவாகவும் அனுபவிக்கப்பட்டது. வெஸ்லியன் சபையைச் சேர்ந்த பேர்சிவல் போதகருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுகநாவலர், மிஷன் பாடசாலைகளின் ஆற்றலை உள்ளிருந்தே கண்டறிந்து, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். மிஷன் பாடசாலைகள் எழுப்பிய வேகமும், அதனை எதிர்த்து எழுந்த வேகமும் சேர்ந்தே யாழ்ப்பாணத்தைக் கல்விநாடாக்கின. இரண்டில் ஒன்றைமட்டும் போற்றுவோர் பாதிக் கதையையே சொல்கிறார்கள்.

1879இல், எழுபத்திரண்டு வயதில், அக்னியூ அம்மையார் தலைமையை விட்டிறங்கினார். அமெரிக்காவுக்குத் திரும்பிச்சென்று இறுதிக்காலத்தைக் கழிக்க அவருக்குத் தடையேதும் இல்லை. ஆயினும் நாற்பதாண்டுக்கு முன் விட்டுவந்த நகரத்தில் அவருக்கு யார் இருந்தார்கள்? அவர் மானிப்பாயிலே தங்கினார். 1880இல் புதியவர்களாக வந்த மேரி லீச்சு, மார்கரட் லீச்சு என்னும் சகோதரியர் இருவரோடு வாழ்ந்து, 1883இல் அங்கேயே காலமானார். வேர்மான்ட் நாட்டுப்புறத்தைச் சேர்ந்த அந்தச் சகோதரியர், ஊழியத்தின்பொருட்டுக் கிராமங்களுக்குச் சென்றபோது, உடுவிலில் கற்ற பெண்கள் பலருடைய இல்லங்களில் இருக்கை இட்டு உபசரிக்கப்பட்டார்கள். தானியேல் பூர் போதகரின் தலைமுறையினர் ஊரார் மதிலுக்கு வெளியே நின்று பல்லாண்டு பழகிப் பெற்ற சிநேகம், இவர்களுக்குப் புதிதாகத் தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே கிடைத்துவிட்டது.