செத்த காலேஜும் உயிர் காலேஜும்

மே மாதம் வந்தால் நம் குடியிருப்பில் பேரன் பேத்திகள் சத்தம்தான். என் வீட்டுக்கும் பெங்களூரிலிருந்து இருவர் வந்திருந்தார்கள். ஒரு நாள் பீச், இரண்டு நாள் மால். நான்காம் நாள் காலை காபி குடிப்பதற்குள் "தாத்தா, போர் அடிக்குது" என்று ஆரம்பித்துவிட்டார்கள். லிஃப்டில் பார்க்கிற நண்பர்களும் இதையே சொல்கிறார்கள். பிள்ளைகளை எங்கேதான் கூட்டிப் போவது?

எங்கள் காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. திண்டிவனத்திலிருந்து கோடை விடுமுறைக்குப் பெரம்பூர் சித்தப்பா வீட்டுக்கு வருவோம். பட்டணம் பார்ப்பது என்றால் அதற்கு ஒரு நிரந்தரப் பட்டியல் உண்டு. சென்ட்ரல் ஸ்டேஷன், பதினாலு மாடி எல்.ஐ.சி., மெரினா, பிறகு செத்த காலேஜ், உயிர் காலேஜ். எழும்பூர் மியூசியத்துக்கும் மூர் மார்க்கெட் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சிசாலைக்கும் சென்னை மக்கள் வைத்த பெயர்கள் இவை. ஒன்றில் பாடம் செய்த மிருகங்கள், மற்றதில் உயிருள்ளவை. சரி, 'காலேஜ்' எங்கிருந்து வந்தது? படிக்காத ஜனங்கள் பெரிய கட்டடத்தையெல்லாம் காலேஜ் என்றார்கள் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மியூசியம் 1851இல் தொடங்கியது எழும்பூரில் அல்ல. கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்கு நம் மொழிகளைக் கற்றுத்தந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில்தான் தொடங்கியது. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இன்று டி.பி.ஐ. வளாகம் இருக்கிற இடம் அது. மெட்ராஸ் இலக்கியச் சங்கம் கொடுத்த ஆயிரத்துச் சொச்சம் கல், தாதுப் பொருட்கள்தான் முதல் சரக்கு. இடம் போதாமல் 1854இல் எழும்பூர் பாந்தியனுக்கு மாற்றினார்கள். வெள்ளைக்காரர்கள் முன்பு நாடகமும் நடனமும் நடத்திய மண்டபம் அது. பாந்தியன் ரோடு என்ற பெயரும் அதனால் வந்ததுதான். மியூசியம் இடம் மாறியது, காலேஜ் என்ற பெயர் கூடவே போயிற்று என்றே நினைக்கிறேன். ஆக ஜனங்கள் தப்பாகச் சொல்லவில்லை. பழைய முகவரியை மறக்காமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த மியூசியத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற ஸ்காட்லாந்துக்காரர், ராணுவ டாக்டர். முப்பத்தைந்து வருஷம் பேங்கில் லெட்ஜர் எழுதியவன் என்பதால் எனக்கு இவரைப் பிடித்துப்போயிற்று. வந்து போகிறவர்களின் எண்ணிக்கையைக் குறித்து வைக்கிற பழக்கம் அவருக்கு இருந்தது. உயிருள்ள மிருகங்கள் வளாகத்தில் இருந்தால் கூட்டம் கூடுகிறது என்பது அந்தக் கணக்கில் தெரிந்தது. கல்லையும் எலும்பையும் பார்க்க வராத ஜனம் புலியைப் பார்க்க வரும், வந்த இடத்தில் கல்லையும் பார்க்கும்! 1855இல் மியூசியம் வளாகத்திலேயே மிருகக்காட்சிசாலை தொடங்கினார். ஒரே வருஷத்தில் முந்நூறுக்கும் மேல் பிராணிகள் சேர்ந்துவிட்டன. இந்தியாவின் மிகப் பழைய பொது மிருகக்காட்சிசாலை என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

இத்தனை பிராணிகள் எங்கிருந்து வந்தன? சேப்பாக்கம் அரண்மனையிலிருந்து. கர்நாடக நவாப் குலாம் கௌஸ் கான் சொந்தமாக மிருகங்கள் வளர்த்துவந்தார். நவாப் தர்பாருக்கு அரசாங்கத்தின் ஏஜென்டாகவும் பால்ஃபர் வேலை பார்த்ததால் பழக்கம் இருந்தது. பேசிப் பேசி எல்லாவற்றையும் மியூசியத்துக்குக் கொடுக்க வைத்தார். அதே 1855 அக்டோபரில் நவாப் காலமானார். ஆண் வாரிசு இல்லை என்று கம்பெனி அரசு நவாப் பட்டத்தையே ஒழித்தது. அரண்மனையும் கைவிட்டுப் போனது. அரச வம்சத்தின் சொத்தில் ஊர்ப் பிள்ளைகள் கைக்கு வந்து சேர்ந்தது அந்த மிருகங்கள்தான். இன்று வண்டலூரில் புலிக்கு எதிரே நின்று செல்ஃபி எடுக்கிற யாருக்கும் அவர் ஞாபகம் வருவதில்லை. எனக்கும் இதைப் படிக்கும்வரை தெரியாதுதான்.

1861இல் மிருகக்காட்சிசாலை நகராட்சி வசம் போய், சென்ட்ரலை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது. கவர்னர் டிரெவெல்யன் யோசனையில் அமைந்த 116 ஏக்கர் பூங்கா அது. நான் பார்த்த உயிர் காலேஜ் அங்கே இருந்ததுதான். உண்மையைச் சொன்னால் அழகான நினைவு மட்டும் இல்லை. குறுகலான இரும்புக் கூண்டு, நாற்றம், கூண்டுக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓயாமல் நடந்துகொண்டே இருந்த ஒரு சிறுத்தை. என் தங்கை மறுநாள் செத்த காலேஜில் பாடம் செய்த புலியைப் பார்த்து, "இது நேத்து வரைக்கும் உயிர் காலேஜ்ல இருந்துதாப்பா?" என்று அழுதாள். அப்பா பதில் சொல்லாமல் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார்.

கூண்டு காலம் முடிய வேண்டியதுதான். 1976இல் வண்டலூர் காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கி, 1979இல் வேலை தொடங்கினார்கள். 1985 ஜூலை 24 அன்று முதல்வர் எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். அதற்கு இரண்டு மாதம் முன்பு, மே 30 அன்று, மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. பி.காம். படிக்கும்போது பழைய அக்கவுண்டன்சி புத்தகங்கள் வாங்கிய கடைகள் அங்கேதான் இருந்தன. ஆக ஒரே வருஷத்தில் அந்தப் பக்கத்தில் புலியும் இல்லை, புத்தகமும் இல்லை என்றானது.

இதையெல்லாம் பேரப்பிள்ளைகளிடம் சொன்னேன். "ரெண்டு காலேஜுக்கும் போலாம்" என்றார்கள். ஒரே நாளில் வேண்டாம், இது என் அனுபவம். முதல் நாள் மியூசியம். காலையிலேயே போய்விட்டால் புழுக்கம் தெரியாது. திமிங்கல எலும்புக்கூட்டைப் பேரன் அடி வைத்து மூன்று தடவை அளந்தான், மூன்று தடவையும் வேறு வேறு கணக்கு. பேத்திக்கு எலும்பு பிடிக்கவில்லை. செப்புத் திருமேனிகள் இருக்கிற கூடத்தில் நடராஜரைப் பார்த்தபடி நின்றவளைக் கிளப்புவதுதான் கஷ்டமாகிவிட்டது.

ஒரு நாள் இடைவெளி விட்டு வண்டலூர். எழும்பூரிலிருந்தே செங்கல்பட்டு மின்சார ரயிலில் போகலாம். ரயில் பயணமே பிள்ளைகளுக்குப் பாதி விடுமுறை. மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமையும், மிருகக்காட்சிசாலைக்குச் செவ்வாய்க்கிழமையும் விடுமுறை. நாள் பார்த்துக் கிளம்புங்கள். நிறைய நடக்க வேண்டும், தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் அவசியம்.

வண்டலூரில் அகழிக்கு அப்பால் மரநிழலில் புலி படுத்திருந்தது. அரை மணி நேரம் நின்றோம், எழுந்திருக்கவே இல்லை. "தாத்தா, இது எந்தக் காலேஜ்?" என்றான் பேரன். அதே நேரம் அது வாலை ஒரு தடவை ஆட்டியது. இரவு தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவளுக்கு அழுதது ஞாபகமே இல்லையாம், வேர்க்கடலை மட்டும் ஞாபகம் இருக்கிறதாம்.