கப்டன் ட்ரைப்பின் படத்தொகுதி

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் ஜோன் ஸ்கடர் 1820ஆம் ஆண்டிலே பண்டத்தரிப்பில் தம் பணியைத் தொடங்கினார். 1836ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தை நீங்கிச் சென்னை சென்றார். பண்டத்தரிப்பில் அவரிடம் மருந்து பெற வந்தோரின் முகங்களைக் காட்ட நிழற்படம் ஒன்றேனும் இல்லை, இருத்தற்கு வழியுமில்லை. நிழற்படக் கலை பாரிஸ் நகரில் உலகறிய வெளியிடப்பட்டது 1839ஆம் ஆண்டிலேயாகும்.

ஸ்கடர் சென்று சேர்ந்த அச்சென்னை மாகாணத்துக்கு, இருபது ஆண்டுகளின் பின், 1856இல், அரசாங்கப் படப்பிடிப்பாளர் ஒருவர் வாய்த்தார். அவர் கப்டன் லின்னேயஸ் ட்ரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பணியாற்றிய அப்போர்வீரருக்கு இத்தகைய பதவி எவ்வாறு கிடைத்தது? இதற்கு விடை, அவர் முன்னரே ஆக்கி வைத்திருந்த படத்தொகுதியில் இருக்கின்றது.

1854ஆம் ஆண்டின் இறுதியில் ட்ரைப் மைசூர் நாட்டிலுள்ள பேலூர், ஹளேபீடு ஆகிய ஊர்களுக்குச் சென்று, ஹொய்சளர் கட்டிய கோயில்களைத் தம் விருப்பாலேயே படம் பிடித்தார். அடுத்த ஆண்டு சென்னையில் நடைபெற்ற கண்காட்சியில் 68 படங்களை வைத்தார். காகிதத்தில் அமைந்த காட்சிப் படங்களுள் அதுவே சிறந்த வரிசையெனக் கண்ட நடுவர், அவருக்கு முதல்தரப் பதக்கம் அளித்தனர்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கண்டவற்றையெல்லாம் கலந்து வைத்து அவர் தம் திறமையைக் காட்டவில்லை. கோயிற் கட்டடம் என்னும் ஒரே பொருளைத் தேர்ந்து, அதையே வரிசையாகக் காட்டினார். ஓர் அழகிய படம் தற்செயலாகவும் அமையலாம். அறுபத்தெட்டுப் படங்கள் தற்செயலாக அமையமாட்டா. வேலை கொடுப்போர் தேடுவது இந்த உறுதியையேயன்றோ!

அதே 1855ஆம் ஆண்டில், பர்மிய மன்னரிடம் சென்ற தூதுக்குழுவோடு படம் பிடிக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. அங்கே எடுத்தவற்றுள் 120 படங்களைத் தேர்ந்து, பெங்களூரில் 50 தொகுதிகள் ஆக்கினார். ஆறாயிரம் படங்களையும் கையாலேயே அச்சிட வேண்டியிருந்தது. அக்காலத்து மெழுகுக் காகித முறையில் வானம் வெறும் வெண்மையாகவே விழும். அக்குறை நீங்க, எதிர்ப்படத்திலேயே தூரிகையால் முகில்களைத் தீட்டினார். குறையுள்ள படத்தைக் கையளிக்க அவர் மனம் இசையவில்லை.

அரசாங்கப் படப்பிடிப்பாளரான பின், 1857ஆம் ஆண்டின் முடிவிலிருந்து ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களுக்குப் பயணம் செய்தார். தஞ்சைப் பெருங்கோயிலின் அடித்தளத்திலே பொறிக்கப்பட்ட சோழர் கல்வெட்டுக்களைத் தொடர்ச்சியாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமான ஒரே காட்சியாக அமைத்தார். கல்லிலே உள்ள எழுத்தை, கோயிலுக்கு வரமுடியாத அறிஞரும் தம் மேசைமீது விரித்துக் காண வழி பிறந்தது.

ஆயினும், வேலை கொடுத்த கையே அதை நிறுத்தவும் வல்லது. 1859ஆம் ஆண்டில் சென்னை ஆளுநராக வந்த சேர் சார்ள்ஸ் ட்ரெவெலியன், கருவூலத்தின் நிலைக்கு ஒவ்வாத ஆடம்பரமென இப்பணியைக் கருதி நிறுத்துமாறு பணித்தார். ட்ரைப்பின் பெரும் முயற்சி அத்துடன் முடிவுற்றது. 1902ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அவர் காலமானார்.

பதவி போயிற்று; படங்கள் போகவில்லை. இலண்டனின் நூலகத்திலும் அரும்பொருட்சாலையிலும் அவை இன்றும் காக்கப்படுகின்றன. வேலை பெறுவதற்கெனத் தொகுக்கும் படங்களே பின்னொரு காலத்தில் ஓர் ஊரின் சரித்திரச் சான்றாகவும் ஆகலாம். ஸ்கடர் காலத்துப் பண்டத்தரிப்புக்குக் கிட்டாத அச்சான்றை இன்றைய பண்டத்தரிப்புக்கு அளிக்க, அவ்வூரிலே படக்கருவி ஏந்தும் இளைஞர் எவராலும் இயலும். ஒரு பொருளைத் தேர்ந்து, குறையின்றி எடுத்து, ஒவ்வொரு படத்தின் கீழும் இடத்தையும் ஆண்டையும் எழுதி வைப்பாராயின், அத்தொகுதி அவருக்குத் தொழிலைத் தேடித்தரும். ஊருக்கு நினைவையும் காத்துத்தரும்.