பேரும் பெறுமதியும்: தலவாக்கலைத் தோட்டங்களில் உழைப்பின் அளவை

செல்வத்தின் ஊற்று உழைப்பே என்பது பொருளியலின் பழைய முடிபுகளுள் ஒன்று. அடம் சிமித் 1776இலும் றிக்காடோ 1817இலும் தத்தம் வழியில் அதனை ஆராய்ந்தனர். மார்க்ஸின் 'மூலதனம்' முதற்பாகம் வெளிவந்த 1867ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையில் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். இவ்வொருமிப்புத் தற்செயலானதே. எனினும், அந்நூல் தூண்டும் வினாவொன்றைத் தலவாக்கலைத் தோட்டங்களை முன்வைத்துக் கேட்டல் தகும்: உழைப்பை அளப்பவர் யார்?

கங்காணி முறையின் கீழ்த் தொழிலாளியின் பெறுமதி அவனது கடனைக் கொண்டே கணிக்கப்பட்டது. குறித்த கடனைச் செலுத்தும் வேறொரு தோட்டத்துக்கு ஆட்களை விடுவிப்பதாகத் துரை எழுதிக்கொடுத்த சீட்டு 'துண்டு' எனப்பட்டது. 1921இல் சட்டம் அதனை ஒழித்தது. ஆயினும் அளக்கும் அதிகாரம் கைமாறவில்லை. தோட்ட வழக்கில் ஒருநாள் வேலை 'பேர்' ஆகும். குறித்த நிறைக்குக் குறைவாகக் கொழுந்து பறித்தவருக்கு 'அரைப் பேர்'. ஆளின் பெயரே செக்றோலில் கூலியின் அலகாகிவிட்டமையை இச்சொற்கள் உணர்த்துகின்றன.

பொருளாதார அளவை அரசியல் அளவையிலிருந்து வேறானதன்று. 1947இல் தலவாக்கலைத் தொகுதி, மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளையை இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பிற் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. நாட்டின் அந்நியச் செலாவணியிற் பெரும்பகுதியை ஈட்டித்தந்த மக்கள், அந்நாட்டின் மக்களாக எண்ணப்படவில்லை.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. உடைமை மாறியபோதும் உற்பத்தி உறவு மாறவில்லை. தோட்டக் காணிகள் பிறருக்குப் பகிரப்படுவதை எதிர்த்த போராட்டத்தில், 1977இல் டெவன் தோட்டத்திற் சிவனு லெட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற் பலியானார்.

2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோருக்கும் பிரசாவுரிமைக்கு வழிசெய்தது. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவென நிர்ணயிக்கப்பட்டபோது, பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறை பற்றிய பிணக்கு உடனே எழுந்தது. அரைப் பேர் மீண்டும் பேச்சாயிற்று. கூலியின் தொகையை மட்டும் கூட்டுவதால் உழைப்பின் மதிப்பு உயர்ந்துவிடாது என்பதற்கு இதுவே சான்று. தராசு எவர் கையில் உள்ளதோ அவரே பெறுமதியைத் தீர்மானிக்கின்றார். மலையக வரலாற்றாய்வு தொகைகளோடு நின்றுவிடாது, அத்தராசையும் ஆய்வுக்குட்படுத்தல் வேண்டும்.