பேராதனை மேடையிற் கூத்து

1942 ஆம் ஆண்டு கொழும்பிற் பிறந்த இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இற் பேராதனைக்குக் குடிபெயர்ந்தது. ஆரம்பத்தில் அங்கே நாடகமெனப் போற்றப்பட்டது, பேராசிரியர் லூடோவைக் வளர்த்த ஆங்கில நாடகமே. மிஷன் பாடசாலையிற் சேக்ஸ்பியரை உருப்போட்டு வளர்ந்த எமக்கு இதில் வியப்பில்லை. கூத்தென்றால் வயற்காட்டார் பொழுதுபோக்கு என்றே நாமும் எண்ணியிருந்தோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

1956 இற் பேராசிரியர் சரச்சந்திரர் அரங்கேற்றிய 'மனமே' சிங்கள நாடகவுலகைத் தட்டியெழுப்பிற்று. அவர் கையாண்ட நாடகம வடிவத்திலோ தமிழ்க் கூத்தின் சாயல் உண்டு. நம்மவர் கைவிட்டதைப் பிறர் எடுத்தாண்டு பெருமை பெற்றனர்!

பேராசிரியர் சு. வித்தியானந்தன் வாளாவிருக்கவில்லை. மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டே ஆடுவித்தார். 1962 இற் 'கர்ணன் போர்' மேடையேறியது. அடுத்த ஆண்டு 'நொண்டி நாடகம்'. 1964 இல் 'இராவணேசன்'. இராவணனாக ஆடியவர் மட்டக்களப்பு மாணவர் மௌனகுரு. மத்தள ஒலிக்கும் சல்லரித் தாளத்துக்கும் ஏற்பப் பட்டப்படிப்பு மாணவர் சலங்கை கட்டி ஆடினர். அதற்காக அவர்களை இழிவாக நோக்க எவர்க்கும் துணிவு வரவில்லை.

வட்டக்களரியில் விடியவிடிய ஆடப்படும் கூத்து, படச்சட்ட மேடையில் ஓரிரு மணி நேரத்துட் சுருங்கியது. நாற்புறமும் சூழ்ந்திருந்து பார்ப்போர் ஒருபுறம் அமர்ந்தனர். இதனாற் கூத்துச் சிதைந்தது என்பாருளர். அவர் கூற்றை முற்றாகத் தள்ள எமக்கு மனமில்லை. பாயுந் தலையணையுமாய்க் களரிக்கு வந்து விடியும்வரை விழித்திருந்த கிராமத்தவர்க்கு அம்மண்டபத்தில் இடமேது? ஆயினும் அச்சுருக்கம் நேர்ந்திராவிடின், எம்போன்ற நகரத்துப் பிள்ளைகள் கர்ணனைக் கூத்துடையிற் கண்டிருக்கவே மாட்டோம்.