உடன்போக்கும் பொருள்வயிற் பிரிவும்: தமிழ் வளரிளம்பருவத் திரைப்படங்களில் குடும்பமும் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில்தடத்தின் இளம்பெண்களும்

ஆய்வுச் சுருக்கம்

1979 முதல் 2024 வரை வெளிவந்த, வளரிளம்பருவத்தினரை மையமாகக் கொண்ட தமிழ்த் திரைப்படங்கள் சிலவற்றில் குடும்பம் சித்திரிக்கப்பட்ட முறையை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஒப்பிடுகிறது. இற்செறிப்பு, உடன்போக்கு, பொருள்வயிற் பிரிவு ஆகிய அகப்பொருள் கருத்தாக்கங்கள் ஒப்பீட்டின் அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன. பொருளீட்டுவதற்காக வீடு நீங்கும் பதின்வயதுப் பெண் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில்தடத்தின் அன்றாட உண்மையாக இருந்தும், இப்படங்களின் கதைமையத்தில் அவளுக்கு இடம் அமையவில்லை என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: வளரிளம்பருவம், தமிழ்த் திரைப்படம், உடன்போக்கு, பொருள்வயிற் பிரிவு, ஸ்ரீபெரும்புதூர், பெண் தொழிலாளர், விடுதி

முன்னுரை

குழந்தைமைக்கும் முதிர்ச்சிக்கும் இடைப்பட்ட பருவத்தைத் தமிழ் இலக்கிய மரபு காதலை வைத்து அளந்தது. நவீனச் சட்டம் உழைப்பை வைத்து அளந்தது. பாட்டியல் நூல்கள் பெண்ணின் பருவங்களைப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழாகப் பகுத்தன. அவற்றுள் 14 முதல் 19 வயது வரையிலானவள் மடந்தை எனப்படுவது பெருவழக்கு. உலா இலக்கியங்களில் இப்பகுப்பு தலைவனைக் கண்டு பெண்கள் காமுறும் தன்மையின் வேறுபாட்டைக் காட்டவே பயன்பட்டது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமோ 15 வயது நிறைந்து 18 நிறையாதவரை வளரிளம் பருவத்தினர் என வரையறுத்து, அவர் எவ்வேலையை எத்தனை மணிநேரம் செய்யலாம் என்று விதித்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம் 14 முதல் 18 வயது வரையிலானோரை இதே பெயரால் சுட்டி, அபாயகரமான தொழில்களில் அவர்களை அமர்த்துவதைத் தடைசெய்தது.

தமிழ்த் திரைப்படம் இவ்விரு அளவுகளில் முதலாவதையே பெரிதும் பின்பற்றியது. இயக்குநர்கள் பாட்டியல் படித்துப் படமெடுத்தார்கள் என்பது இதன் பொருளன்று. வளரும் பிள்ளையைக் குடும்பம் எதற்காக அஞ்சுகிறது, எதற்காகக் காக்கிறது என்ற வினாவுக்குத் திரைப்படம் தந்த விடை, அகப்பாடல்களின் செவிலியும் நற்றாயும் தந்த விடையினின்று அதிகம் விலகவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

நினைவாக வந்த இளமை

பாலு மகேந்திரா தமிழில் இயக்கிய முதற்படமான ‘அழியாத கோலங்கள்’ (1979) மூன்று சிறுவர்களின் பருவ விழிப்பைச் சொல்கிறது. வளர்ந்துவிட்ட ஒருவனின் நினைவாகக் கதை விரிகிறது. ஆற்றங்கரையும் தோப்பும் பள்ளியும் புதிதாக வந்த ஆசிரியையும் அச்சிறுவர்களின் உலகம். வீடு இப்படத்தில் ஓரத்தில் நிற்கிறது. பிள்ளைகள் உண்ணவும் உறங்கவும் திட்டு வாங்கவும் திரும்பும் இடம் அது. அவர்கள் ஈட்டித் தர வேண்டியது எதுவுமில்லை. கவலையற்ற ஓய்வு நேரமே இங்கு இளமை எனப்படுகிறது. ஓய்வு கிடைக்கப்பெற்ற பிள்ளைகளுக்கே இவ்விளமை வாய்க்கும் என்பதைப் படம் தன்னையறியாமல் காட்டிவிடுகிறது.

ஈராண்டுக்குப் பின் 1981இல் வெளிவந்த இரு படங்கள் குடும்பத்தை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்தன. உதகமண்டலப் பள்ளிச் சூழலில் அமைந்த ‘பன்னீர் புஷ்பங்கள்’ (இயக்கம்: பாரதி – வாசு) மாணவப் பருவக் காதலைக் கடிந்துரைக்காமல் பரிவோடு நோக்கியது. பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ பிராமணச் சிறுவனையும் கிறித்தவச் சிறுமியையும் கடற்கரைச் சிற்றூரில் சந்திக்கவைத்து, இருவரும் தத்தம் சமய அடையாளங்களைக் களைந்து ஊர் நீங்குவதில் முடிந்தது. இது உடன்போக்கே. காவல் மிகுந்த இல்லமும் அதனின்று துணையோடு வெளியேறும் இளையோருமாகிய இவ்வமைப்பு அதன்பின் தமிழ்த் திரைக்கு ஒரு வாய்பாடாயிற்று.

கஸ்தூரி ராஜா இயக்கியதாக வெளிவந்த ‘துள்ளுவதோ இளமை’ (2002) இவ்வாய்பாட்டில் ஒரு திருப்பம். வீட்டை விட்டு வெளியேறும் ஆறு மாணவர்களைக் காதல் அல்ல, பெற்றோரின் புறக்கணிப்பும் வன்முறையும் துரத்துகின்றன. குற்றவாளிக் கூண்டில் நிற்பது குடும்பம். எனினும் பிள்ளைகள் திரும்பி வருவதற்கு ஒரு வீடு வேண்டும் என்ற நம்பிக்கையைப் படம் கைவிடவில்லை.

பாலாஜி சக்திவேலின் ‘காதல்’ (2004) அந்நம்பிக்கையை முறித்தது. மதுரையின் செல்வாக்குமிக்க குடும்பத்துப் பள்ளி மாணவியும் வண்டி பழுதுபார்க்கும் பணிமனை இளைஞனும் சென்னைக்கு ஓடுகிறார்கள். உறவினர் அன்பாகப் பேசி ஊருக்கு அழைத்துவந்து இருவரையும் பிரிக்கிறார்கள். அடிபட்ட இளைஞன் மனநலம் இழக்கிறான். சங்கப்பாடல்களில் உடன்போக்கை மேற்கொண்ட மகளைத் தேடிச் செல்லும் செவிலி அழுதாள். ‘காதல்’ படத்தில் தேடிச் செல்பவர்கள் சாதியின் பெயரால் செல்கிறார்கள். நவீனத் தமிழகத்தில் மகட்போக்கிய இல்லத்தின் துயரம் எவ்வளவு எளிதில் கொலைவெறியாகும் என்பதை இதனினும் கூர்மையாக இவ்வகைப் படங்களுள் வேறொன்று காட்டியதாகக் கொள்வதற்கில்லை.

உழைக்கும் பிள்ளைகள்

வறுமையால் வீடு நீங்கும் பிள்ளை தமிழ்த் திரைக்கு முற்றிலும் அயலானவன் அல்லன். ஜானகி விஸ்வநாதனின் ‘குட்டி’ (2001), கிராமத்திலிருந்து சென்னைக்கு வீட்டுவேலைக்கு அனுப்பப்படும் சிறுமியின் கதை. ‘வழக்கு எண் 18/9’ (2012) படத்தின் வேலு, குடும்பத்தின் கடனுக்காக வடமாநிலத்து முறுக்குக் கம்பெனியில் கொத்தடிமையாக விடப்பட்டவன். மணிகண்டனின் ‘காக்கா முட்டை’ படத்தில் சகோதரர் இருவர் இரயில்களிலிருந்து சிந்தும் நிலக்கரியைப் பொறுக்கி விற்கிறார்கள். சிறையிலிருக்கும் தந்தையை மீட்கத் தாய் அலைகிறாள். இவற்றில் குடும்பம் பிள்ளையைக் காப்பதில்லை. பிள்ளையின் கையை நம்பியிருக்கிறது. ஆனால் இவர்கள் விடலைப் பருவத்துக்கு முற்பட்ட சிறாராகவோ, வேலுவைப் போல் குடும்பத்தையே இழந்துவிட்டவராகவோ உள்ளனர்.

மாரி செல்வராஜின் ‘வாழை’ (2024) இவ்வகையில் தனித்த கவனத்துக்குரியது. பள்ளிச் சிறுவன் சிவனைந்தன் விடுமுறை நாள்களில் வாழைத்தார் சுமக்கச் செல்ல வேண்டும், அவன் வெறுக்கிறான், தாய் விடமாட்டாள். அவளது கண்டிப்பின் பின்னே முன்பணமாக வாங்கிய கடன் உள்ளது. ‘அழியாத கோலங்க’ளில் ஆசிரியை மீதான ஈர்ப்பு முழுநாளும் நிறைந்த உணர்வு, ‘வாழை’யில் அதே ஈர்ப்பு வேலையிலிருந்து களவாடப்பட்ட நேரத்தில் மட்டுமே இயலுகிறது. 45 ஆண்டு இடைவெளியில் ஒரே கதைக்கூறு அடைந்த இம்மாற்றம், இளமை என்பது யாருக்கு எவ்வளவு நேரம் என்ற வினாவாகவே எஞ்சுகிறது. இப்படத்தில் உழைக்கும் இளம்பெண் ஒருத்தியும் இருக்கிறாள்: சிவனைந்தனின் அக்காள் வேம்பு. தம்பி தப்பித்துக்கொண்ட நாளில் தார் சுமக்கச் சென்று லாரி விபத்தில் இறப்பவள் அவளே. அவளது உழைப்பும் காதலும் சாவும் தம்பியின் கண் வழியாகவே நமக்குத் தெரியவருகின்றன. வளர்வது அவன், அவள் அவனது வளர்ச்சிக்கு விலையாகிறாள்.

ஈட்டும் மகள் என்னும் பாத்திரத்துக்குத் தமிழில் வேறொரு மரபு உண்டு. கே. பாலசந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’ (1974) கவிதாவும், அவளுக்கு முன் வங்காளத்தில் ரித்விக் கட்டக்கின் ‘மேகே டாக்கா தாரா’ (1960) நீத்தாவும் குடும்பத்தைத் தாங்கித் தம் வாழ்வை இழந்தவர்கள். அவர்கள் வளர்ந்த பெண்கள்; வீட்டிலிருந்து வேலைக்குச் சென்று மாலையில் வீடு திரும்புபவர்கள். ஆகத் தமிழ்த் திரையில் பதின்வயதுப் பெண் காதலிக்கிறாள். ஈட்டும் பெண் பதின்வயதைக் கடந்திருக்கிறாள். இவ்விருவரும் ஒருத்தியாகிக் கதையின் நடுவே நின்ற படத்தைச் சுட்டுவது அரிது.

மிக நெருங்கி வந்தது வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ (2010). ஆளில்லா இரயில்வே கடவில் தந்தை இறக்க, தேர்வில் முதலிடம் பெற்ற ஜோதிலிங்கம் தென்மாவட்டத்திலிருந்து சென்னைத் தியாகராய நகர்த் துணிக்கடைக்கு வருகிறான். கடை வேலையாள்களுக்கு உணவும் உறைவிடமும் முதலாளி தருவது; காதல் அங்குக் குற்றம்; மீறியவர்க்கு அடியும் அவமானமும் காத்திருக்கின்றன. இற்செறிப்பு இல்லத்தினின்று பணியிடத்துக்கு இடம்பெயர்ந்ததை இப்படம் முதன்முதலில் விரிவாகக் கண்டது. கனி வலுவான பாத்திரம். ஆயினும் கதை தொடங்குவதும் நகர்வதும் லிங்கத்தின் பயணத்தோடுதான்.

தொழில்தடமும் மகளின் பிரிவும்

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஏரிப்பாசன ஊர்கள் தொழில்தடமான வரலாறு குறுகியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் உற்பத்தி தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் கைப்பேசி ஆலை 2006இல் தொடங்கி 2014 நவம்பரில் நின்றது. ஒரகடத்தில் ரெனோ – நிசான் 2010இலும் டைம்லர் 2012இலும் வந்தன. வாகன ஆலைகள் பெரிதும் ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்த ஆண்களை ஈர்த்தன. மின்னணுக் கருவி ஆலைகள் இளம்பெண்களைத் தேடின. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த 18, 19 வயதுப் பெண் தன் ஊரிலிருந்து விடுதிக்கும், விடுதியிலிருந்து கம்பெனிப் பேருந்தில் ஷிப்ட் வேலைக்கும் செல்லும் வாழ்க்கை இவ்வாறு உருவாயிற்று. பாட்டியலின் கணக்கில் அவள் இன்னும் மடந்தை. தொழிற்சாலைகள் சட்டத்தின் கணக்கில் அவள் முழு வளர்ச்சி பெற்ற தொழிலாளி.

அவளது வெளியேற்றம் உடன்போக்கன்று, துணைவன் எவனுமில்லை. பொருளுக்காகவே அவள் பிரிகிறாள். பொருள்வயிற் பிரிவைத் தலைவனுக்கே உரித்தாக்கிய அக மரபு, தொல்காப்பிய விதிப்படி பெண்ணுடன் கடல் கடப்பதையும் விலக்கியது; பிரிந்தவனை எண்ணி இருத்தல் பெண்ணின் ஒழுக்கம். ஐங்குறுநூற்றில் மகட்போக்கிய தாயின் இரக்கத்துக்கெனத் தனிப்பத்தே உண்டு; பொருளீட்டச் சென்ற மகளை எண்ணும் தாய்க்குத் துறை வகுக்கப்படவில்லை. பாலைக்கலியில் மகளைத் தேடிவரும் செவிலிக்கு முக்கோல் ஏந்திய அந்தணர், சந்தனம் தான் பிறந்த மலைக்குப் பயன்படுவதில்லை, முத்து தான் பிறந்த கடலுக்குப் பயன்படுவதில்லை, மகளும் அத்தகையள் என்று ஆறுதல் கூறுவர். ஸ்ரீபெரும்புதூரில் இவ்வுவமை தலைகீழாகிறது. மகளின் ஊதியம் பிறந்த வீட்டுக்கே திரும்புகிறது: கடனடைக்க, தம்பியின் படிப்புக்கு, பல வேளைகளில் அவளது திருமணத்துக்கே.

மகளை அனுப்பிய குடும்பம் காவலைக் கைவிட்டதாகக் கொள்வதும் பிழை. விடுதியின் வாயிற்காவலும் நுழைவு நேரமும், அவளை ஏற்றி இறக்கும் பேருந்தும் பெற்றோரின் இசைவுக்கு நிபந்தனைகளாயின. அக்காவல் எவ்வளவு பொள்ளலானது என்பதை 2021 டிசம்பர் காட்டியது. கைப்பேசி தயாரிக்கும் ஆலையொன்றின் பெண்கள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உடன் பணியாற்றியோர் இறந்துவிட்டதாக வதந்தி பரவ, இளம்பெண்கள் திரண்டு சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தனர். ஓர் அறையில் 6 முதல் 30 பேர் வரை தங்கியதாக ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அப்போது எழுதியது. ‘அங்காடித் தெரு’வின் விடுதிக் காட்சிகளைக் கண்டவர்களுக்கு இச்செய்தி புதிதாக இருந்திருக்காது, நெடுஞ்சாலையில் அமர்ந்த பெண்களின் காட்சிதான் புதிது. ‘துள்ளுவதோ இளமை’யின் பிள்ளைகள் கூட்டமாக வீட்டிலிருந்து ஓடினார்கள், இப்பெண்கள் கூட்டமாக ஓரிடத்தில் அமர்ந்தார்கள். வயதிலும் துணிவிலும் இவ்விரு கூட்டத்துக்கும் இடையே வேறுபாடு சிறிதே. திரைப்படமோ முதற்கூட்டத்தை மட்டுமே இளமை என்று அழைக்கப் பழகியிருந்தது.

அரசும் இக்காவலில் பங்காளியானது. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கெனச் சிப்காட் ரூ.706.50 கோடியில் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில், இத்தடத்தின் ஆலையொன்று மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறது என ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட, ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கோரியது. நிறுவனம் பாகுபாட்டை மறுத்தது. அச்செய்தியின் உண்மை எவ்வாறாயினும், மணமாகாமை ஒரு வேலைத்தகுதியாகப் பொதுவெளியில் விவாதிக்கப்பட்டது என்பதே வரலாற்றாய்வாளருக்கு முக்கியம். பருவத்தைக் காதலால் அளந்த மரபும் உழைப்பால் அளந்த சட்டமும் ஒரே பெண்ணின் மேல் ஒருசேரப் படிந்த தருணம் அது.

சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ (1956) படத்தில் கல்கத்தாவுக்குப் படிக்கச் சென்ற அபு அச்சகத்தில் வேலை செய்து தன் செலவை ஈடுகட்டுகிறான்; ஊரில் தாய் அவன் வருகைக்காகக் காத்திருந்தே இறக்கிறாள். பிள்ளை வளர்வது குடும்பத்துக்கு ஓர் இழப்பு என்பதைக் காதலின் துணையின்றிச் சொல்ல இயலும் என்று அப்படம் காட்டி ஏறத்தாழ எழுபதாண்டுகள் ஆகின்றன. அபுவின் இடத்தில் ஒரு மகளை வைத்துப் பார்ப்பதற்கு வேண்டிய களம் தமிழ்த் திரையுலகுக்குத் தொலைவில் இல்லை. படத்தளங்கள் அமைக்கப்படும் ஈ.வி.பி. பிலிம் சிட்டி பூந்தமல்லியை அடுத்து, செம்பரம்பாக்கத்தை ஒட்டி, அதே நெடுஞ்சாலையின் ஓரத்தில் உள்ளது. பூந்தமல்லி விடுதிகளிலிருந்து ஆலைக்குச் செல்லும் கம்பெனிப் பேருந்துகள் அதைக் கடந்தே செல்கின்றன.