‘எம்’ சைஸ் யாரோட சைஸ்?

போன வருஷம் நானும் அக்காவும் ஓசூர்ல எங்க வீட்டு மாடியில ஒரு சின்ன டி-ஷர்ட் பிராண்ட் ஆரம்பிச்சோம். வார நாள்ல எலக்ட்ரானிக் சிட்டியில கோடிங், சனி ஞாயிறுல பிரிண்டிங். பிரிண்ட் போட பிளெயின் டி-ஷர்ட் வேணும். ஆண்களுக்கு அது பிரச்சனையே இல்ல. ஒரு போன் போட்டா ரெண்டு நாள்ல பார்சல் வந்துரும்.

பெண்களுக்கு? முதல் லாட்ல 60 பீஸ் வாங்கினோம். எல்லாம் வித்துருச்சு. 23 திரும்பி வந்துருச்சு. தோள் இறங்குது, அக்குள் பிடிக்குது, இடுப்புக்குக் கீழ இறுக்குது. லாபம் முழுக்க கூரியருக்கே போச்சு. அதைவிட ஒரு கஸ்டமர் அனுப்பின மெசேஜ்தான் மனசுல நின்னுச்சு: “என் உடம்புதான் சரியான ஷேப்ல இல்ல போல, சாரி.”

சட்டை சரியில்லாததுக்கு அவங்க ஏன் சாரி சொல்லணும்? இந்த எபிசோட் அதைப் பத்தித்தான்.

எங்க அம்மா பல வருஷம் பொம்மசந்திராவுல ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில செக்கரா இருந்தவங்க. காலையில கம்பெனி பஸ், அத்திப்பள்ளி தாண்டி வேலை, ராத்திரி திரும்ப ஓசூர். திரும்பி வந்த ஒரு பீஸை எடுத்து, அப்பாவோட டி-ஷர்ட் மேல விரிச்சு, டேப் வெச்சுப் பார்த்தாங்க. “இது ஆம்பளை பேட்டர்ன்தான்டி. ரெண்டு பக்கமும் கொஞ்சம் குறைச்சு, கையைச் சின்னதாக்கி, லேடீஸ்னு லேபிள் தெச்சிருக்காங்க.”

ஏன் இப்படின்னு தேட ஆரம்பிச்சேன். முதல் பதில் மெஷின்ல இருக்கு. டி-ஷர்ட் உள்பனியனா இருந்து வெளியே வந்த உடை. அமெரிக்கக் கடற்படை 1913-ல வீரர்களுக்குக் கொடுத்ததும் உள்ள போடுற சட்டையாத்தான். நம்ம திருப்பூரும் ஆண்கள் போடுற வெள்ளை பனியன்ல வளர்ந்த ஊர். வட்டப் பின்னல் மெஷின்ல துணி குழாய் மாதிரி இறங்கும். அந்தக் குழாயை வெட்டி, தோளும் கையும் தெச்சா பனியன் ரெடி. பக்கத்துல தையலே வேண்டாம். துணி மிச்சம், நேரம் மிச்சம். ஆனா குழாய்க்கு இடுப்பு கிடையாது. பெண்களுக்கு வளைவு வேணும்னா குழாயைத் திறந்து, முன்பக்கம் பின்பக்கம்னு தனியா வெட்டி, சைடு சீம் போடணும். துணி கொஞ்சம் வேஸ்ட், தையல் ரெண்டு கூடுதல்.

சரி, சைடு சீம் போட்டாச்சு. எந்த அளவுக்கு வெட்டுறது? இங்கதான் கதை அமெரிக்காவுக்குப் போகுது.

1930-கள்ல அங்க தபால் மூலமா ரெடிமேட் துணி வித்த கம்பெனிகளுக்கு எங்க பிரச்சனையேதான்: அளவு சேராம திரும்பி வர்ற பார்சல். 1939, 1940-ல அமெரிக்க அரசோட வேளாண் துறை (ஆமா, வேளாண் துறைதான், மனையியல் பிரிவு அதுக்குள்ள இருந்துச்சு) பெண்களை அளக்கக் கிளம்புச்சு. ரூத் ஓ’பிரையன், வில்லியம் ஷெல்டன் ரெண்டு பேரும் 1941-ல வெளியிட்ட அறிக்கையில 15,000 பேருக்குக் கொஞ்சம் குறைவான பெண்களோட அளவு இருக்கு. ஒவ்வொருத்தருக்கும் 59 அளவு. பெரிய வேலை, மறுக்கல. ஆனா ஒரு பைலட் சைஸ் குறை இல்ல, பெரிய குறை: வெள்ளைக்காரப் பெண்களோட கணக்கை மட்டும்தான் எடுத்துக்கிட்டாங்க. மத்தவங்க வந்து நின்னா அளந்தாங்க, அப்புறம் அந்தத் தாளைத் தள்ளி வெச்சுட்டாங்க.

இந்த டேட்டாவை வெச்சு 1958-ல ஒரு சைஸ் ஸ்டாண்டர்ட் வந்துச்சு. 1983-ல அதையும் வாபஸ் வாங்கிட்டாங்க. அதுக்கப்புறம் அவங்கவங்க பிராண்டுக்கு அவங்கவங்க எம். டேட்டா சயின்ஸ் பண்றவங்களுக்கு இது தெரிஞ்ச கதை: சாம்பிள்ல இல்லாதவங்க மாடல்லயும் இல்ல.

அம்மாவோட கம்பெனிக்கு வந்த ஸ்பெக் ஷீட் எல்லாம் வெளிநாட்டு பையர் அனுப்பினது. கால் இஞ்ச் மாறினாலும் பீஸ் ரிஜெக்ட். “அவ்வளவு கரெக்டா அளந்தோம், ஆனா எதுவும் எங்களுக்குச் சேராது”ன்னு அம்மா சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. ஓசூர்லயும் கிருஷ்ணகிரியிலயும் இருந்து எல்லை தாண்டிப் போய்த் தைக்கிற பெண்கள் உடம்பு எந்த சார்ட்லயும் இல்ல.

நம்ம நாட்டு உடம்பை அளக்குற முயற்சி ரொம்ப லேட். நிஃப்ட் நிறுவனமும் ஜவுளி அமைச்சகமும் சேர்ந்த ‘இந்தியா சைஸ்’ திட்டம், சென்னை உட்பட 6 நகரங்கள்ல 25,000-க்கு மேற்பட்டவங்களை 3டி ஸ்கேனர்ல அளக்கத் திட்டமிட்டுச்சு. அந்த அறிவிப்பு வந்தது இந்த நூற்றாண்டுலதான்.

நாங்க என்ன பண்ணினோம்? கஸ்டமர்கள்ல 40 பேர்கிட்ட கேட்டு தோள், மார்பு, இடுப்பு, ஹிப், மேல்கைன்னு 5 அளவு வாங்கினோம். எக்செல்ல போட்டதும் தெரிஞ்சுச்சு: மார்பு அளவு ஒண்ணா இருக்குறவங்களுக்குக்கூட ஹிப் அளவு எங்கெங்கயோ போகுது. ஒரு பேட்டர்ன் மாஸ்டரைப் பிடிச்சு, ஒரே எம்-ல ரெண்டு ஹிப் வெச்சு பேட்டர்ன் போட்டோம். துணி திருப்பூர்ல இருந்து, தையல் இங்கயே. பீஸுக்கு 45 ரூபாய் கூடுச்சு. அடுத்த 50-ல திரும்பி வந்தது 4.

நீங்களும் இந்த பிசினஸ்ல இறங்குறதா இருந்தா அம்மா சொன்ன மூணு விஷயம்: லேபிளை நம்பாதீங்க, பீஸை விரிச்சு அளங்க. சைடு சீம் இருக்கான்னு பாருங்க. ஆர்டர் கொடுக்குறதுக்கு முன்னாடி எல்லா சைஸ்லயும் ஒரு சாம்பிள் வாங்கி, துவைச்சுட்டு மறுபடி அளங்க.

அந்த ‘சாரி’ கஸ்டமருக்குப் புது பீஸ் ஒண்ணு இலவசமா அனுப்பினோம். கூடவே ஒரு துண்டுச் சீட்டு, அக்கா கையெழுத்துல: “தப்பு சார்ட்ல இருந்துச்சு. உங்ககிட்ட இல்ல.”

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.