பலாலியும் சென்னையும்: தூரமும் காலமும்

இரு நகரங்களுக்கிடையிலான தூரத்தை இயற்கை வகுக்கின்றது. அதனைக் கடப்பதற்கான காலத்தை வரலாறு வகுக்கின்றது. யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் இடையிலான வான்வழி இதற்குத் தக்க சான்றாகும். பலாலியிலிருந்து சென்னை விமான நிலையம் நேர்வடக்கே ஏறத்தாழ 350 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. யாழ்ப்பாணத்தவர் கொழும்புக்குத் தரைவழியே கடக்கும் தூரமோ ஏறத்தாழ 400 கிலோமீற்றராகும்.

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய வான்படையின் தேவைக்காக அமைக்கப்பட்டது. போரின் பின்னர் அது பொதுமக்களின் பயணத்துக்குப் பயன்படலாயிற்று. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயர் சிலோனின் முதற் சேவை இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை வழியாகச் சென்னையை அடைந்தது. நாடு சுதந்திரம் பெறுவதற்கு இரு மாதங்களுக்கு முன்னரே, தேசிய விமான சேவை தன் முதற் பயணத்தில் வடபுலத்தைத் தொட்டுச் சென்றமை ஈண்டு நோக்கற்பாலது. அக்கால டக்கோட்டா விமானத்தின் வேகத்தைக் கொண்டு கணிப்பின், வடபுலத்திலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலமே போதுமானதாகும்.

போர்க்காலத்தில் பலாலி இராணுவத் தளமாயிற்று. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரத சேவையும் நின்றுபோயிற்று. வடக்கே செல்ல விரும்பியவர் முதலில் தெற்கே செல்ல வேண்டியவரானார். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு 400 கிலோமீற்றர். கட்டுநாயக்காவிலிருந்து மீண்டும் வடக்கே சென்னைக்கு ஏறத்தாழ 650 கிலோமீற்றர். ஆக, 350 கிலோமீற்றர் வழி மூன்று மடங்காயிற்று. வான்பயணம் ஒன்றரை மணித்தியாலத்துள் முடிந்தது; கொழும்பை அடைவதற்கே அனுமதிப் பத்திரம், சோதனைச் சாவடி, திருகோணமலைக்கான கப்பல் என நாட்கள் கழிந்தன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலுமிருந்த லொட்ஜ்களில் விசாவுக்கும் விமானத்துக்குமாகக் காத்திருந்தோர் பலர். அக்காத்திருப்பையும் சேர்த்தே அக்காலப் பயணத்தின் நீளம் அளக்கப்படல் வேண்டும்.

2009இல் போர் முடிவுற்றது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் அலையன்ஸ் எயர் நிறுவனத்தின் சென்னைச் சேவை தொடங்கிற்று. கொவிட் நோய்த்தொற்றினால் 2020 மார்ச்சில் தடைப்பட்ட அச்சேவை, 2022 டிசெம்பர் 12ஆம் திகதி மீளத் தொடங்கிற்று. பயண நேரம் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலமேயாகும். உலகின் விமானத்துறை கண்ட எழுபதாண்டு முன்னேற்றத்தின் பின்னர், இவ்வழி தான் தொடங்கிய நிலையையே மீண்டும் எய்தியுள்ளது எனலாம்.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. பலாலி, வயாவிளான், மயிலிட்டி ஆகிய அயற்கிராமங்களின் மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தனர். அவர்தம் காணிகள் பிற்காலத்தில் கட்டங்கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. இடம்பெயர்ந்தோர் அனைவரும் மீளவுமில்லை. பலாலியிலிருந்து சென்னைக்கான காலம் மீண்டும் குறுகிற்று. பலாலிக்கும் பலாலியாருக்குமிடையிலான தூரம் முற்றாகக் குறைந்தபோதே இவ்வரலாறு நிறைவு பெற்றதாகும்.